பெருங்குடலுக்கும் ஒரு பங்கு வையுங்கள்

வெள்ளைப் பச்சையரிசிச் சோறு சிறுகுடலைத் தாண்டுவதற்குள் ஏறத்தாழ முழுவதும் குளுக்கோசாகி இரத்தத்தில் கலந்துவிடும். அவித்த கடலையின் போக்கு வேறு. அதன் நார்ப்பொருள் முழுவதும், மாப்பொருளில் ஒரு பங்கும் சமிபாடடையாமலே பெருங்குடல் வரை போகின்றன. அங்கேதான் நம் உடலின் பற்றீரியாக்களில் பெரும்பகுதி குடியிருக்கிறது. ஒரு வளர்ந்த மனிதனில் இவை சுமார் 38 இலட்சம் கோடி என்பது 2016இல் வெளியான கணிப்பு. அத்தனையையும் திரட்டி நிறுத்தால் 200 கிராம்தான் தேறும். ஆனால் நாம் விழுங்கியதில் எவ்வளவு சக்தி உடலில் சேர்கிறது, அடுத்த வேளை எவ்வளவு பசிக்கிறது என்ற இரண்டிலும் அந்த 200 கிராமுக்குப் பங்கு உண்டு.

திருகோணமலையில் கிடைக்கும் அரிசி, பயறு, கீரை, தேங்காய், தயிரை வைத்தே இதை எப்படி நமக்குச் சாதகமாக்குவது என்பதுதான் இங்கே விடயம். விலை கூடிய மாத்திரையோ மாவோ வாங்கத் தேவையில்லை.

முதலில் சக்திக் கணக்கு

நார்ப்பொருளைப் பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது அசற்றேற்று, புரொப்பியோனேற்று, பியூட்டிரேற்று என்ற மூன்று சிறு கொழுப்பமிலங்கள் உண்டாகின்றன. பியூட்டிரேற்று பெருங்குடற் சுவரின் கலங்களுக்கு முதன்மை எரிபொருள். மற்ற இரண்டும் பெரும்பாலும் ஈரலுக்கும் தசைக்கும் போகின்றன. ஆகவே நார்ப்பொருளிலும் கலோரி உண்டு: கிராமுக்குச் சுமார் 2. சாதாரண மாப்பொருளில் அது 4. வித்தியாசத்தின் ஒரு பங்கு வெப்பமாகவும் வாயுவாகவும் போகிறது. இன்னொரு பங்கு பெருகிய பற்றீரியாக்களின் உடலாக மலத்தோடு வெளியேறுகிறது.

இது எவ்வளவு பெரிய தொகை? 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 17 பேரை மூடிய அறைகளில் வைத்து, அவர்கள் உண்டதையும் கழித்ததையும் கிராம் கணக்கில் அளந்தார்கள். ஒருமுறை மா, சீனி மிகுந்த பதப்படுத்திய உணவு; மறுமுறை முழுத்தானியம், பருப்பு வகை, கொட்டைகள், சமிபாடடையாத மாப்பொருள் நிறைந்த உணவு. இரண்டாவது உணவில் உடலுக்குச் சேர்ந்தது ஒரு நாளைக்குச் சராசரியாக 116 கலோரி குறைவு. அதற்காக அவர்களுக்குப் பசி கூடவுமில்லை.

நூறு கலோரி சின்னத் தொகைபோலத் தெரியும். ஒரு நாளைக்கு 100 கலோரி நிலையாகக் குறைந்தால் காலப்போக்கில் எடை ஏறக்குறைய 4.5 கிலோ இறங்கும். அதில் பாதி முதல் வருடத்திலும் மீதி அடுத்த இரண்டு வருடங்களிலும் இறங்கும். உடற்பருமன் ஆய்வாளர்கள் கணிதமுறையில் கண்ட விதி இது. இதைவிட வேகமாக எதையும் எதிர்பார்த்து இந்த வழியில் இறங்க வேண்டாம்.

இரண்டாவது வழி பசி. சிறு கொழுப்பமிலங்கள் குடற்சுவரின் சில கலங்களைத் தூண்டி ஜிஎல்பி-1, பிவைவை என்ற ஓமோன்களைச் சுரக்கச் செய்கின்றன. இவை வயிறு வெறுமையாவதைத் தாமதப்படுத்தி, போதும் என்ற உணர்வை மூளைக்குச் சொல்கின்றன. இன்று ஊசியாக விற்கும் எடைக்குறைப்பு மருந்துகள் பின்பற்றுவதும் இந்த ஜிஎல்பி-1ஐத்தான். குடல் தானாகச் சுரப்பது அந்த மருந்தின் அளவுக்குக் கிட்டவும் வராது. ஆனாலும் மதியம் கடலையோ பயறோ சேர்த்தவருக்கு மாலை நாலு மணிக்குக் கை றோல்சைத் தேடிப் போவது குறையும்.

எலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பருத்த எலியின் குடற் பற்றீரியாக்களைக் கிருமியே இல்லாத எலிக்கு மாற்றினால் அதுவும் கொழுக்கிறது என்று 2006இல் சென் லூயிஸ் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதிலிருந்துதான் ‘மெலிய வைக்கும் பற்றீரியா’ மாத்திரைகளின் வியாபாரம் எழுந்தது. மனிதரில், மெலிந்தவரின் மலத்திலிருந்து எடுத்த பற்றீரியாக்களைப் பருமனானவருக்குக் கொடுத்துப் பார்த்த பரிசோதனைகளில் எடை சொல்லும்படி குறையவில்லை. பற்றீரியாவைக் கொண்டுபோய் விடுவதால் பயனில்லை, அதற்குத் தினமும் சோறு போட வேண்டும். அது உணவால்தான் முடியும். நல்ல செய்தி என்னவென்றால், உணவை மாற்றினால் சில நாட்களுக்குள்ளேயே குடற் பற்றீரியாக்களின் கலவை மாறத் தொடங்கும். கெட்ட செய்தி, பழைய உணவுக்குத் திரும்பினால் அதே வேகத்தில் அதுவும் திரும்பிவிடும்.

இப்போது எங்கே நிற்கிறீர்கள்?

மூன்று நாள் உண்டதை எழுதுங்கள், ஒரு நாளாவது விடுமுறை நாளாக இருக்கட்டும். வளர்ந்தவர்கள் ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ப்பொருளும் 400 கிராம் மரக்கறி, பழங்களும் உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலையில் கால் இறாத்தல் பாண், மதியம் ஒரு கோப்பை வெள்ளைச் சோறும் இரண்டு கரண்டி பருப்பும், இரவு இடியப்பமும் சொதியும் என்று போகிற நாளில் 12 கிராம் தேறுவதே கடினம். அந்தக் கால் இறாத்தல் பாணில் 300 கலோரி இருக்கிறது, நார்ப்பொருளோ 3 கிராம்தான்.

அதோடு சீனியையும் எண்ணுங்கள். தேத்தண்ணிக்கு மூன்று தேக்கரண்டி வீதம் நாலு முறை என்றால் ஏறக்குறைய 190 கலோரி, அதில் ஒரு துளியும் பெருங்குடலுக்குப் போவதில்லை. நார்ப்பொருளால் மிச்சமாகும் 100 கலோரியை இந்தத் தேத்தண்ணிச் சீனியே விழுங்கிவிடும். அதனால் இந்த மாற்றம் சீனியிலிருந்துதான் தொடங்க வேண்டும்: வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்குக்குத் தெரியாது.

அரிசி

தம்பலகாமம், கந்தளாய் வயல்களின் நெல் குத்தரிசியாகவும் பச்சையரிசியாகவும் சந்தைக்கு வருகிறது. சிவப்புக் குத்தரிசியை எடுங்கள். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவிடும்போது உள்ளே மாப்பொருள் ஒருமுறை இளகி, ஆறும்போது மறுபடி இறுகிப் படிகமாகிறது. அந்தப் படிகத்தை நம் நொதியங்களால் எளிதில் உடைக்க முடியாது. வாங்கும்போது ஒரு பிடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மணி முழுவதும் சிவப்பாக இருந்தால் தவிடு நிற்கிறது. கோடு கோடாக மட்டும் சிவப்புத் தெரிந்தால் ஆலையில் தீட்டி எடுத்துவிட்டார்கள். பெயர் சிவப்பரிசியாக இருந்தாலும் பயன் வெள்ளையரிசிக்குக் கிட்டத்தான்.

அளவு முக்கியம். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 80 கிராம் அரிசி, சோறாக வரும்போது சுமார் 230 கிராம். சிவப்பரிசி நல்லது என்று இரண்டாம் முறை போட்டுக்கொண்டால் கணக்கு முழுவதும் கவிழ்ந்துவிடும்.

சோற்றை ஆறவைத்து உண்பது பற்றி 2015இல் பெரிய பேச்சு எழுந்தது. கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரியின் மாணவர் ஒருவரும் அவருடைய ஆசிரியரும், கொதிநீரில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு அரிசியைச் சமைத்து 12 மணித்தியாலம் குளிரூட்டினால் சமிபாடடையாத மாப்பொருள் கூடுகிறது என்று அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில் காட்டினார்கள். உடனே சோற்றின் கலோரி பாதியாகிவிடும் என்று உலகமெங்கும் எழுதினார்கள். அதே வருடம் வெளியான இன்னொரு ஆய்வின் அளவுகளைப் பாருங்கள்: புதிதாக வடித்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் சமிபாடடையாத மாப்பொருள்; 24 மணித்தியாலம் குளிரவைத்து மறுபடி சூடாக்கியதில் 1.65 கிராம். 300 கிராம் சோற்றில் கூடுவது 3 கிராம், மிச்சமாவது 6 கலோரி. அந்தத் தேக்கரண்டி எண்ணெயிலோ 40 கலோரி இருக்கிறது! எனவே எண்ணெயை விட்டுவிடுங்கள். ஆறிய சோற்றை எடை குறைக்கும் மருந்தாகப் பார்க்காமல், பற்றீரியாவுக்குப் போடும் 3 கிராம் கூடுதல் உணவாகப் பாருங்கள். அந்த அளவில் அது நல்ல பழக்கம், செலவும் இல்லை.

செய்யும் முறையில் ஒரு ஆபத்து உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாக. அரிசியில் ‘பசிலஸ் சீரியஸ்’ என்ற பற்றீரியாவின் வித்திகள் இருக்கும். கொதித்தாலும் அவை சாவதில்லை. எங்கள் ஊர்ச் சூட்டில், 30 பாகைக்கு மேல், சோறு வெளியே கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. மதியம் வாங்கிய சோற்றுப் பார்சலை இரவு சூடாக்கி உண்டு வாந்தி எடுப்பவர்கள் பலருக்கு இதுதான் காரணம். ஆகவே வடித்த சோற்றை அகலத் தட்டில் மூன்று விரற்கிடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். ஆவி அடங்கியதும், ஒரு மணித்தியாலத்துக்குள், மூடி பிரிட்ஜில் வையுங்கள். பானையோடு வைத்தால் நடுச்சோறு ஆற மணிக்கணக்காகும். மறுநாள் ஆவி பறக்கும்வரை ஒரே ஒருமுறை சூடாக்குங்கள். இறுகிய படிகத்தில் பெரும்பங்கு அந்தச் சூட்டுக்கு இளகாது, பயப்பட வேண்டாம். மின்வெட்டு நாலு மணித்தியாலத்தைத் தாண்டினால் அந்தச் சோற்றைக் கொட்டிவிடுங்கள்.

பழஞ்சோறு வேறு வகை. நன்றாக ஆறிய சோற்றில், கொதித்தாறிய தண்ணீரை இரண்டு விரல் மேலே நிற்கும்படி விட்டு, ஒரு மேசைக்கரண்டி தயிர் கலந்து மூடிவைத்தால், இலாத்திக்கமிலப் பற்றீரியாக்கள் விரைவில் புளிப்பேற்றி மற்றக் கிருமிகளை அடக்கும். காலையில் இதமான புளிப்பு மணம் வர வேண்டும். நூல்போல இழுபட்டாலோ துர்நாற்றம் வந்தாலோ வேண்டாம். கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், முதியோர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் பிரிட்ஜில் வைத்த சோறே பாதுகாப்பு. கூடவே கடிக்கும் சின்ன வெங்காயத்தை வெறும் சுவைக்கு என்று நினைக்காதீர்கள். அதிலுள்ள இனுலின் வகை நார், பிபிடோ பற்றீரியாக்களுக்குப் பிடித்த தீனி.

கடலை, பயறு, கௌபி

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். அவித்த கடலையிலும் பாசிப்பயறிலும் 100 கிராமுக்கு 7 கிராமுக்கு மேல் நார் இருக்கிறது. ஆறவைத்த சோற்றில் இரண்டு நாளில் கூடுதலாகக் கிடைப்பதைவிட அது அதிகம். உலர்ந்த கடலை 45 கிராம், அதாவது ஒரு சிறங்கை, அவிந்ததும் 100 கிராம் ஆகும்.

வயிறு ஊதும் என்றுதான் பலர் ஒதுக்குகிறார்கள். ஊதவைப்பது ராபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சீனிகள். அவற்றை உடைக்கும் நொதியம் மனிதக் குடலில் இல்லை, பற்றீரியாக்கள் உடைத்து வாயுவாக்குகின்றன. தண்ணீரில் கரையக் கூடியவை என்பதால் கடலையை 10 முதல் 12 மணித்தியாலம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அவித்தால் ஒரு பங்கு போய்விடும். வெப்பமான கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் ஊறல் நுரைத்துப் புளிக்கும். இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பயறை முளைகட்டினால் இன்னும் குறையும். கடலையை விரலால் நசித்தால் மாவாக வேண்டும். அரைவேக்காடுதான் வயிற்றைப் படுத்தும். ஒரே நாளில் ஒரு கோப்பை உண்ணாமல் மூன்று மேசைக்கரண்டியில் தொடங்குங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் குடல் பழகிக்கொள்ளும்.

அவித்ததைத் தாளிக்க ஒருவருக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். தேங்காய்ச் சொட்டு, வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை. கடற்கரையில் விற்கும் சுண்டலும் இதுவே, கூட வரும் வடையை மட்டும் விட்டுவிடுங்கள். கச்சானையும் (நிலக்கடலை) முழுதாக மென்று தின்னலாம், 30 கிராமுக்குள். முழுக் கொட்டையின் கொழுப்பில் ஒரு பங்கு கலச்சுவருக்குள் சிறைப்பட்டு மலத்தோடு போய்விடும். அரைத்து வெண்ணெயாக்கினால் அந்தச் சலுகை இல்லை.

மா விடயத்தில்

பற்றீரியாவுக்கு எட்டுமா என்பதைத் துணிக்கையின் அளவும் முடிவு செய்கிறது. மா நுண்மையானால் நொதியம் எல்லாப் பக்கமும் தொட்டு விரைவில் கரைத்துவிடும். குரக்கன் மாவில் 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம் நார் உண்டு. ஆனாலும் பவுடர்போல அரைத்த குரக்கனில் சுட்ட ரொட்டி இரத்தச் சீனியை வேகமாக ஏற்றும். ஆலையில் கொடுக்கும்போது சற்றுக் கொரகொரப்பாக அரைக்கச் சொல்லுங்கள், ரொட்டியைவிடப் புட்டாக அவியுங்கள். ஒருவருக்கு 60 கிராம் மா, 30 கிராம் தேங்காய்ப்பூ. பாதி மாவுக்குப் பதிலாக முருங்கையிலையும் அவித்த பயறும் கலந்து கீரைப் புட்டாக்கினால் அதே குழலில் கலோரி குறைந்து நார் கூடும். இடியப்பத்தைச் சிவப்பரிசி மாவில் பிழிந்தாலும் அது நுண்ணிய மாதான். நாலு இடியப்பத்தோடு நிறுத்தி, கூடவே ஒரு கோப்பை பருப்போ கடலைக் கறியோ வையுங்கள்.

காயவைத்த பனங்கிழங்கை அரைத்த ஒடியல் மா நல்ல நார்ப்பொருள் உணவு. தண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்து கசப்பை நீக்கிய பிறகே கூழுக்கோ பிட்டுக்கோ எடுக்க வேண்டும். ஒடியற் கூழில் பலாக்கொட்டை, பயிற்றங்காய், மீன் எல்லாம் ஒன்றாகச் சேர்வதால் அது ஒரு முழுச் சாப்பாடு. மேலே சோறு வேண்டாம்.

தேங்காய், கீரை, தயிர்

100 கிராம் தேங்காய்ப்பூவில் 9 கிராம் நார், 350 கலோரி. பாலாகப் பிழிந்தால் கொழுப்பெல்லாம் கறிக்குள் வரும், நார் சக்கையில் நின்று கோழிக்குப் போகும். அதனால் தினமும் முதற்பாற் கறி ஒன்றுக்கு மேல் வேண்டாம். சொதிக்கு இரண்டாம், மூன்றாம் பாலே போதும். நாரும் வேண்டுமென்றால் சம்பலாகவும் வறையாகவும் உண்ணுங்கள், ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிராமுக்குள்.

கீரையில் வகைதான் முக்கியம். ஒவ்வொரு பற்றீரியா இனத்துக்கும் ஒவ்வொரு நார் பிடிக்கும். வாரம் முழுவதும் பொன்னாங்காணியே சுண்டாமல் வல்லாரை, அகத்தி, முருங்கையிலை, வாழைப்பூ என்று மாற்றுங்கள். கறிவாழைக்காய், ஈரப்பலாக்காய், வற்றாளங்கிழங்கு மூன்றும் அவித்து ஆறியபின் உண்ணத் தக்கவை. ஆனால் அவை மரக்கறிக் கணக்கில் வராது. அன்றைக்குச் சோற்றைப் பாதியாக்க வேண்டும். பழத்தில் கொய்யாவை முதலில் வைப்போம்: 100 கிராமில் 5 கிராம் நார்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துச் சட்டித் தயிர் நல்ல உணவு, ஆனால் அதன் பற்றீரியாக்கள் குடலில் நிலையாகக் குடியேறுவதில்லை, கடந்து போகின்றன. தொடர்ந்து உண்டால்தான் பயன். எருமைப்பாலில் கொழுப்பு பசும்பாலின் இரட்டிப்புக்குக் கிட்ட, 7 வீதம் வரை. நாலு மேசைக்கரண்டி போதும். அதன்மேல் ஊற்றும் ஒவ்வொரு மேசைக்கரண்டிப் பாணியிலும் 50 கலோரிக்கு மேல் இருக்கிறது. பாணிக்குப் பதிலாகப் பழுத்த வாழைப்பழம் பிசைந்து பாருங்கள்.

எப்படிக் கூட்டுவது

குரக்கன் புட்டில் 9 கிராம் (தேங்காயும் சேர்த்து), மதியச் சிவப்பரிசிச் சோற்றில் 3, கட்டிப் பருப்பில் 4, கீரை வறையில் 2, மாலைக் கடலையில் 7, ஒரு கொய்யாவில் 5. மொத்தம் 30. இதை ஒரே நாளில் எட்டக் கூடாது. முதல் வாரம் சீனியும் பாணும் குறையட்டும். இரண்டாம் வாரம் சோற்றை மாற்றி, கடலையை மூன்று கரண்டியில் தொடங்குங்கள். மூன்றாம் வாரம் காலை உணவு. நாலாம் வாரம் முழு அளவு. வாரத்துக்கு 5 கிராமுக்கு மேல் கூட்டினால் வயிறு இறுகி, வாயு கட்டி, பலர் அந்த இடத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். நாரோடு தண்ணீரும் கூட வேண்டும், வழக்கத்தைவிட இரண்டு குவளை. வெயிலில் வேலை செய்பவர்களுக்கும் கடலுக்குப் போகிறவர்களுக்கும் அதைவிடக் கூட. தண்ணீர் இல்லாத நார் மலச்சிக்கலைத்தான் தரும்.

முதல் இரண்டு வாரத்தில் எடை அரைக் கிலோ ஏறினாலும் கலங்க வேண்டாம். குடலில் நாரும் அது பிடித்து வைக்கும் தண்ணீரும் அந்த எடைக்குக் காரணம். தராசில் வாரம் மூன்று காலைகள் ஏறிச் சராசரி எடுங்கள். இடுப்பை மாதம் ஒருமுறை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளவிடுங்கள். தெற்காசியரில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் நீரிழிவு, இதயநோய் ஆபத்துக் கூடுகிறது. மூன்று மாதம் போயும் இடுப்பு அசையவில்லை என்றால் குற்றத்தைப் பற்றீரியாவில் போடாமல் எண்ணெய், முதற்பால், சோற்றின் அளவு மூன்றையும் மறுபடி நிறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பிடிபடும்.

தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் தாங்களாகவே பார்மசியில் அன்ரிபயோட்டிக் வாங்கிப் போடுவது வேண்டாம். வைரசுக்கு அது வேலை செய்யாது. கலைந்த குடற் பற்றீரியாக்கள் பழைய நிலைக்கு வர வாரங்கள் முதல் மாதங்கள் வரை ஆகும். வைத்தியர் எழுதினால் சொன்ன நாள்வரை முழுதும் எடுங்கள்.

நீரிழிவுக்கு இன்சுலினோ, கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், சோற்றைக் குறைக்கும் முன் கிளினிக்கில் சொல்லுங்கள். பழைய அளவு மருந்தோடு புதிய உணவு சேர்ந்தால் இரத்தச் சீனி ஆபத்தாக இறங்கலாம். சிறுநீரக நோயாளிகளுக்குப் பருப்பு, கீரை, வாழைப்பழத்தின் பொற்றாசியம் கூடிப் போகலாம். குடலில் அறுவைச் சிகிச்சை நடந்தவர்களும் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் இறங்கும் எடை, இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உணவு மாற்றத்தைத் தள்ளிவைத்து முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.